பதினேழாம் குறிப்பு

யாரோ உழைத்துத் தீர்த்துத் தூக்கிப்போட்ட கணினிகளை விற்பவன் நான். பிரான்ஸ் நாட்டு அலுவலகங்களில் நாலைந்து வருடம் அடிபட்ட மடிக்கணினிகள் அட்டைப்பெட்டிகளில் கப்பலேறி எங்கள் ஊர் ஸ்ஃபாக்ஸின் துறைமுகத்துக்கு வரும். சிலவற்றின் மூடியில் பழைய சொந்தக்காரரின் பெயர்ச்சீட்டு அப்படியே ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுப்பதுதான் என் முதல் வேலை. அடுத்தவன் பெயர் ஒட்டிய பொருளுக்கு யாரும் நல்ல விலை தரமாட்டார்கள்.

பாப் ஜெப்லி என்னும் பழைய கோட்டை வாசலுக்கு உள்ளே, அப்பா கம்பளி விற்ற அதே கடைதான். எங்கள் வீட்டில் யாராவது "காலை வணக்கம்" என்றால்கூட "கடைசியா எவ்வளவு?" என்று கேட்கும் ஆட்கள் இருந்தார்கள். அந்த வளர்ப்பில் வந்த நான் எந்தப் பொருளிலும் எதைக் குறைக்கலாம் என்றுதான் முதலில் பார்ப்பேன். இந்தக் கதையும் அப்படி ஒன்றைக் குறைத்ததால் வந்ததுதான்.

முன்பெல்லாம் கணினிகளில் திருட்டு விண்டோஸ் ஏற்றி விற்றேன். பத்து நாளில் வைரஸ் பிடித்துத் திரும்பி வரும், கூடவே வாங்கினவரும் அவருடைய வாயும். அந்தத் தலைவலியிலிருந்து என்னை மீட்டவன் ரவூஃப். உப்பளத்தில் மின்பணி பார்த்தவன், ஒல்லி, வாய்த்துடுக்கு. ஒருநாள் வந்து என் கடையிலேயே ஓட்டையான மெஷினை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"ஏன்டா ஃபவுஸி, உங்கப்பா வித்த கம்பளியிலகூட மூட்டைப்பூச்சி கம்மிடா. விண்டோஸுக்குப் பதிலா இதுல லினக்ஸ் போட்டுத் தர்றேன். காசு வேணாம். டீ மட்டும் ஒழுங்கா போடு."

"காசு வேணாம்னு சொல்றவனை நம்பாதேன்னு எங்கப்பா சொல்லியிருக்கார்."

"உங்கப்பாவை நம்பாதேன்னு ஊரே சொல்லியிருக்கு."

லினக்ஸ் வந்த பிறகு மெஷின்கள் திரும்பி வருவது நின்றது. வாங்கியவர்களின் கேள்விகள் வர ஆரம்பித்தன. அதற்கும் ரவூஃபிடம் மருந்து இருந்தது. அவன் தான் கற்றுக்கொண்டதையெல்லாம் குறிப்பாக எழுதி இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தான். இருபத்திரண்டு குறிப்புகள். மேலே ஒரு வரி: "மறந்துவிடுவேன் என்பதால் எனக்காக எழுதியவை. உனக்கு உதவினால் எடுத்துக்கொள்."

பாடப்புத்தகம் மாதிரி இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். மூன்றாவது குறிப்பு: "திரை கறுத்துப்போனால் பயப்படாதே. பத்து வரை எண்ணு. நான் முதல் நாள் எட்டிலேயே ஒயரைப் பிடுங்கினேன், மறுபடி முதலிலிருந்து செய்தேன்." ஒன்பதாவது: "கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒன்றுமே தெரியாது. நீ அடிப்பது அதற்குக் கேட்கிறது. நம்பி அடி."

அந்த வருடம் அக்டோபரில், பேய்க்கணவாய் பிடிக்கத் தடை நீங்கிய வாரம், ரவூஃப் தன் சின்னப் படகை எடுத்துக்கொண்டு கெர்க்கென்னா தீவுப் பக்கம் போனான். மண்குடங்களைக் கயிற்றில் கோத்துக் கடலடியில் இறக்கிவிட்டு மறுநாள் போய் இழுத்தால், குடத்தை வீடென்று நினைத்து உள்ளே குடியேறிய கணவாய் வரும். அவனுக்கு அது விடுமுறை விளையாட்டு. கடல் அன்று தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். படகு கிடைத்தது. அதில் அவன் சட்டை, பாதி சாப்பிட்ட ரொட்டி, இழுத்து ஏற்றிய ஏழு குடங்கள். எட்டாவது குடத்தின் கயிறு தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அவன் குறிப்புகளை நான் அச்சடிக்க முடிவு செய்தேன். நண்பன் நினைவாக என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் ஒரு தாள் கையில் கொடுத்தால் மெஷின் சீக்கிரம் விலைபோகிறது என்பதும் உண்மை. குறிப்புகள் மூன்று பக்கம் வந்தன. ஒரே தாளில் முன்னும் பின்னுமாக அடக்கிவிட வேண்டுமென்று உட்கார்ந்து வெட்டினேன். கட்டளைகளில் கை வைக்கவில்லை. நடுநடுவே அவன் பேசுகிற வரிகளில் சிலவற்றை எடுத்தேன். கச்சிதமாக இரண்டு பக்கம்.

விற்கும்போது ஒவ்வொருவரிடமும் சொல்வேன்: "இந்தத் தாள்ல இருக்கற மாதிரியே அடிங்க. ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க. மாத்தினா நான் பொறுப்பில்ல."

எங்கள் ஊர்க்காரர்கள் வியாபாரி சொன்னதைக் கேட்பவர்கள் அல்ல. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கேட்டார்கள்.

இரண்டு வருடம் ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலை ரவூஃபின் அண்ணன் ஸுஹைர் கடைக்கு வந்தார். பாதாம் மொத்த வியாபாரி. எப்போதும் வாசலிலேயே வம்பை ஆரம்பிப்பவர், அன்று உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"செத்த மெஷினையெல்லாம் எழுப்பி உட்கார வெச்சிருக்கே. பெரிய ஆளுதான்."

"எழுந்து உட்காருது அண்ணே. விலையைச் சொன்னா வாங்கறவன்தான் படுத்துடறான்."

அவர் சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை கோர்ட்ல கூப்பிட்டிருக்காங்க. தேடுறதுக்குக் கொடுத்த ரெண்டு வருஷம் முடிஞ்சுது. ஏதாவது தகவல் வந்துதான்னு நீதிபதி அவன் பொண்டாட்டி சல்வாகிட்ட கேப்பார். இல்லைன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டா, ரவூஃப் போயிட்டான்னு எழுதிடுவாங்க. அவளும் ஒரு முடிவுக்கு வருவா. முப்பத்தாறு வயசு, ஃபவுஸி. பொண்டாட்டியும் இல்ல, விதவையும் இல்ல."

"சரி."

"என்ன சரி? அவ தகவல் வருதுன்னு சொல்லப்போறாளாம். தெனமும் வருதாம்."

"யார்கிட்டேர்ந்து?"

"யார்கிட்டேர்ந்தா? அவன்கிட்டேர்ந்துதான். வீட்ல அவன் வெச்சிட்டுப் போன கம்ப்யூட்டர் இருக்குல்ல, அதுல தட்றானாம். நீதிபதி முன்னாடி போய் இதைச் சொன்னா என்னடா நடக்கும்? பைத்தியம்னு எழுதுவாங்க. இல்லேன்னா இன்னும் ரெண்டு வருஷம் தேடுங்கம்பாங்க. எதுவா இருந்தாலும் அவ அந்த மெஷின் முன்னாடியே உட்கார்ந்து கிழவியாயிடுவா." அவர் எழுந்தார். "நீ அவன் சிநேகிதன். மெஷின் விஷயம் தெரிஞ்சவன். போய்ப் பார்த்துச் சொல்லு. நான் சொன்னா கதவைச் சாத்தறா."

அன்று மதியமே போனேன்.

எங்கள் ஊரில் மதிய வெயிலில் கடைகள் மூடி எல்லோரும் படுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் வெளியே சுற்றும் பிள்ளைகளை உச்சிவெயில் கிழவி பிடித்துக்கொண்டு போவாள் என்று ஒவ்வொரு தாயும் சொல்லி வளர்ப்பாள். ஐம்பது வயதாகிறது எனக்கு. ஆனாலும் ஆளில்லாத தெருவில், நிழலே இல்லாத வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே நடந்தபோது இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

சல்வா கல்யாண வீடுகளுக்கு இனிப்பு செய்துகொடுப்பவள். கதவைத் திறந்ததும் அரைத்த பாதாமும் ஜெரேனியம் பூநீரும் சேர்ந்த வாசனை வந்தது. கையெல்லாம் மாவு.

"வாங்க அண்ணே. ஸுஹைர் அனுப்பினாரா?"

"நானாத்தான் வந்தேன் தங்கச்சி."

"வியாபாரி பொய் சொன்னா காது சிவக்குமா? உங்களுக்குச் சிவக்குதே." நாற்காலியைக் காட்டினாள். "உட்காருங்க. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு."

"எதுக்கு?"

கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். கூடத்து மூலையில், மேசைக்குக் கீழே, ரவூஃபின் பழைய கணினி. அவன் அதை வெளியிலிருந்தும் எட்டுகிற மாதிரி எப்போதும் ஓடவிட்டிருந்தான். ஒரு பச்சை விளக்கு மட்டும் தெரிந்தது. அதற்கு மேலே ஒரு தாளில் அவன் கையெழுத்து: "சல்வாவுக்கு. பீப் சத்தம் வந்தால் யாரோ சாவியில்லாமல் உள்ளே வரப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். யாரென்று பார்க்க, இதை அடி."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து.

பீப்.

பிறகு இன்னொன்று. பிறகு அவசர அவசரமாக நாலைந்து சேர்ந்து. கோழிக்குஞ்சுகள் நெரிசலில் கத்துகிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. என்னால் எண்ண முடியவில்லை. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் நின்றது. அதன்பின் வந்த அமைதியில் அடுப்பில் கொதிக்கும் பாகின் சத்தம் மட்டும்.

சல்வா குனிந்து, தாளில் இருந்ததைப் பழகிய விரல்களால் அடித்தாள். திரையில் வரிவரியாக ஏறியது. ஒவ்வொரு வரியிலும் அதே நேரம், அதே பெயர். ரவூஃப். மறுக்கப்பட்டது. ரவூஃப். மறுக்கப்பட்டது. ரவூஃப். மறுக்கப்பட்டது. திரை நிறைந்து கீழே ஓடியது.

நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"முப்பத்தெட்டு," என்றாள். "அவர் போன மூணு மாசம் ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒருநாள், ஒரே ஒரு தடவை தட்டினார். பயந்துட்டேன். அடுத்த நாளும் அதே நேரம். கொஞ்ச நாள் கழிச்சு ரெண்டு. வசந்தகாலத்துல பத்து. இப்பப் பாருங்க. அவசரப்படறார் அண்ணே. கதவு திறக்கமாட்டேங்குது, சாவியைத் தொலைச்சிருப்பார். எனக்கும் உள்ளேர்ந்து திறக்கத் தெரியல. அதை மட்டும் எழுதி வெக்காமப் போயிட்டார்."

"சல்வா..."

"பதில்கூடச் சொல்லிப் பார்த்தேன். திரையில ஒண்ணும் வரல. ஆனா அடிக்கறது அதுக்குக் கேக்குதுன்னு அடிக்கடி சொல்வார் இல்ல? அதனால அடிச்சுட்டேதான் இருக்கேன்."

பேரம் என்றால் எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அன்று நான் தரையைப் பார்த்தேன். கொண்டுபோன வார்த்தைகள் எல்லாவற்றையும் அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வெயிலில் நடந்தபோது ஒன்றே ஒன்றுதான் மண்டையில் ஓடியது: அவளுக்குப் பைத்தியம் இல்லை. என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் மதியம் வீட்டுக்குப் போகாமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடையிலேயே இருந்தேன். தூக்கம் வரவில்லை. மேசையில் மருத்துவச்சி நஈமாவின் மடிக்கணினி, இரண்டு விசை உடைந்து மாற்றக் கொடுத்தது, திறந்து கிடந்தது. நான் ஸ்க்ரூவைத் தேடி எடுத்தபோது, யாரும் தொடாத அந்த மெஷினின் சின்ன விளக்கு படபடவென்று துடித்தது.

நேரம் பார்த்தேன். இரண்டு பத்து.

ஸ்க்ரூ கையிலிருந்து விழுந்தது. கொஞ்ச நேரம் அதைத் தேடுகிற சாக்கில் மேசைக்குக் கீழேயே குனிந்திருந்தேன். பிறகு எழுந்து, அந்த மெஷின் தினமும் தானாகச் செய்யும் வேலைகளின் பட்டியலைத் திறந்தேன். ஒரே ஒரு வரி இருந்தது. மதியம் இரண்டு பத்துக்கு, நஈமாவின் கோப்புகளையெல்லாம் வேறொரு கணினிக்கு நகல் அனுப்பு. போகும் பெயர்: ரவூஃப். போகும் இடம்: ரவூஃப் வீடு.

சுவரில் ஆணியில் தொங்கிய என் தாள்களில் ஒன்றை உருவினேன். பதினேழாம் குறிப்பு. தினமும் ஒரு நகல் எடுத்து இன்னொரு இடத்தில் வை, வரி இதோ. வரி அங்கே இருந்தது. அவன் தன் சொந்தப் பெயரையும் வீட்டு விலாசத்தையும் உதாரணமாகப் போட்டு எழுதிய வரி. "ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க" என்று நான் சொல்லி விற்ற வரி.

இணையத்தில் அவன் பக்கத்தைத் திறந்தேன். அங்கே அதே பதினேழாம் குறிப்பில் அந்த வரிக்குக் கீழே இன்னும் மூன்று வரிகள் இருந்தன. நான்தான் வெட்டினேன். எப்போது வெட்டினேன் என்றுகூட நினைவில்லை, அவ்வளவு சுலபமாக வெட்டியிருக்கிறேன்.

இரண்டு வருடமாக என்னிடம் மெஷின் வாங்கிய ஒவ்வொருவரும், படுத்துத் தூங்குகிற மதிய நேரத்தில், தங்களுக்கே தெரியாமல், செத்தவன் பெயரைச் சொல்லிக்கொண்டு அவன் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டச்சொல்லி அனுப்பியவன் நான்.

இதைச் சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் சொல்வது யாருக்கு? சல்வாவிடம் அதைச் சொல்வது அவனை இரண்டாவது முறை கொல்லும் வேலை. நான் எனக்குத் தெரிந்த வழியைப் பிடித்தேன்: சத்தமில்லாமல் சரக்கை மாற்றிவைப்பது. எல்லா மெஷின்களிலும் அந்த வரியை அழித்துவிட்டால் தட்டல் நிற்கும். நின்றால் அவளே புரிந்துகொள்வாள். நான் வாய் திறக்க வேண்டாம்.

செவ்வாய் சாயங்காலமும் புதன் காலையும் ஃபோனில் கழிந்தன. முதலில் நஈமா.

"அம்மா, உங்க மெஷின்ல பதினேழாம் குறிப்போட வரியை நான் எடுத்துடறேன், சரியா?"

"ஏன்? நல்லாத்தானே இருந்துது? அந்த மனுஷன் சொன்னபடிதானே எல்லாம் செஞ்சேன்."

"எந்த மனுஷன்?"

"தாள்ல பேசறாரே, அவர். என்ன பயந்தாங்கொள்ளி பாவம், எட்டிலேயே ஒயரைப் பிடுங்கினாராம். நான் பிரசவம் பார்க்கறப்ப புதுப் பொண்ணுங்ககிட்ட அதைத்தான் சொல்றேன். பயப்படாதே, பத்து வரைக்கும் எண்ணுன்னு."

எண்ணெய் ஆலைக்கார பஷீருக்கு ஃபோனிலேயே சொல்லிக்கொடுத்தேன்.

"கடவுச்சொல் கேக்குது, அடிக்கிறேன், ஒண்ணும் தெரியலையே ஃபவுஸி."

"அடிங்க..."

"தெரியும் தெரியும். 'நீ அடிப்பது அதற்குக் கேட்கிறது.' உன்னைவிட எனக்கு நல்லா மனப்பாடம். ஆமா, அந்த ஆளை ஒருநாள் கூட்டிட்டு வாயேன். ஒரு டின் எண்ணெய் கொடுக்கணும் அவருக்கு."

ஒவ்வொரு ஃபோனிலும் இப்படித்தான். பாதிரியார் வீட்டுத் தோட்டக்காரன், பல் டாக்டர், பூட்டு ரிப்பேர் செய்பவன். அவனைக் கண்ணால் பார்த்தே இராதவர்கள் அவன் வார்த்தையை, அவன் இழுத்துப் பேசும் இழுப்போடு, எனக்கே திருப்பிச் சொன்னார்கள். ஒரு கட்டத்தில் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்துக்கொண்டேன்.

புதன் மதியம் போனபோது சல்வா கதவைத் திறந்து வைத்திருந்தாள். நான் வருவேன் என்று எப்படித் தெரிந்ததோ. அடுப்பு அணைந்திருந்தது. நாளை கோர்ட்டுக்குப் போட வேண்டிய உடுப்பு இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் தொங்கியது.

இரண்டு பத்துக்குத் தட்டல்கள் வந்தன. எண்ண முடிந்தது. ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் இடையே இடைவெளி இருந்தது.

சல்வா திரையைப் பார்க்கவே இல்லை. அவள் முகம் நான் மறக்க விரும்பும் முகம்.

"நேத்து ராத்திரியெல்லாம் நினைச்சேன், கோர்ட்ல எப்படிச் சொல்றதுன்னு," என்றாள். "இன்னிக்குப் பாருங்க, ஒன்பதுதான். களைச்சுப் போயிட்டார். நான் சீக்கிரம் சொல்லியிருக்கணும். அப்பவே தேடச் சொல்லியிருக்கணும். மூச்சு வாங்குது அவருக்கு, கேட்டீங்க இல்ல?"

நாளைக்கு இரண்டாகும். நாளன்றைக்கு ஒன்றுமில்லாமல் போகும். தன் கண் முன்னாலேயே அவன் மூழ்குவதை, அவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பாள். நான் அந்தக் கணக்கைத்தான் சத்தமில்லாமல் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

"அது ரவூஃப் இல்ல, சல்வா," என்றேன். "நான்."

பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தேன். ஒன்று நான் கொடுக்கும் தாள். இன்னொன்று அவன் எழுதியது எழுதியபடியே. எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் வாங்கியவர்கள், பதினேழாம் குறிப்பு, அப்படியே அடிக்கச் சொன்னது, இரண்டு நாளாக அழித்துக்கொண்டு வருவது, அதனால்தான் முப்பத்தெட்டு ஒன்பதானது.

அவள் நீண்ட நேரம் என் தாளைப் பார்த்தாள். பிறகு அடுத்ததை எடுத்தாள். அவள் உதடுகள் அசைந்தன. பதினேழாவதில் நின்றன.

"இதைச் சத்தமாப் படிங்க," என்றாள்.

"சல்வா, வேண்டாம்..."

"வெட்டினது நீங்கதானே. நீங்களே படிங்க."

படித்தேன். "'இந்த வரியில் இருப்பது என் பெயர், என் வீடு. உன் பெயரையும் உன் நண்பன் வீட்டையும் போட்டுக்கொள். என் கதவைத் தட்டினால் மதியத் தூக்கத்திலிருந்து சல்வா எழுந்துகொள்வாள், என்னைத்தான் திட்டுவாள், அவள் திட்டினால் தெரு முனை வரை கேட்கும்.'"

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பென்று ஆரம்பித்து, வழியில் வேறாகிவிட்டது. நான் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனேன்.

"உட்காருங்க," என்றாள். "ரெண்டு வருஷம். ரெண்டு வருஷமா அவர்கிட்டேர்ந்து ஒரு வார்த்தை வராதான்னு அந்த மெஷின் முன்னாடி உட்கார்ந்திருந்தேன். என் பேரைச் சொல்லி எழுதி வெச்சிருக்கார். அதை நீங்க வெட்டி எறிஞ்சுட்டு, மீதியை ஊருக்கெல்லாம் கொடுத்தீங்க. எதுக்கு அண்ணே?"

"ஒரு தாள்ல அடங்கணும்னு."

"ஒரு தாள்ல."

"ஆமா."

"உங்க வாய்ல என்னல்லாம் வருது! எருமையை ஆடுன்னு வித்துட்டுப் போவீங்க. இதுக்கு ஒரு பொய்யாவது சொல்லக்கூடாதா?" முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போங்க. நாளைக்கு எட்டரைக்கு வண்டியோட வாங்க. ஸுஹைரோட வண்டியில நான் ஏறமாட்டேன், வழியெல்லாம் பாதாம் விலை சொல்லுவார்."

வியாழக்கிழமை நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், கணவரிடமிருந்தோ கணவரைப் பற்றியோ ஏதாவது தகவல் வந்ததா என்று. ஸுஹைர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு வரி வந்துது ஐயா," என்றாள் சல்வா. "போறதுக்கு முன்னாடி எழுதினது. அப்புறம் ஒண்ணும் இல்ல."

எழுத்தர் தாளைத் திருப்பி வைத்தார். கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி மேசையில் நேராக வைத்தாள்.

மீதமிருந்த ஒன்பது மெஷின்களையும் அன்றைக்கே தேடிப்பிடித்து முடித்தேன். வெள்ளிக்கிழமை மதியம் அவள் வீட்டுக்கு ஸுஹைரும் அவர் மனைவியும் வந்துபோயிருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு வைத்த கோப்பைகள் கழுவாமல் இருந்தன. புதிதாக அடித்த தாளைக் காட்டத்தான் போனேன். இப்போது மூன்று பக்கம், இரண்டு தாள், ஒரு சொல் குறையவில்லை.

இரண்டு பத்தானது. சத்தமில்லை.

இருவரும் கடிகாரத்தைப் பார்த்தோம். அது இரண்டு பதினொன்றை நெருங்கியது. என் தோளிலிருந்து மூட்டை இறங்கியது மாதிரி இருந்தது. அப்போதுதான் மேசைக்குக் கீழேயிருந்து அது கேட்டது. பீப் இல்லை. உள்ளே தட்டு சுழலும் மெல்லிய உறுமல். பச்சை விளக்கு துடித்தது.

"இது தெனமும் கேட்டிருக்கும்," என்றாள். "அந்த பீப் சத்தத்துல நான் கவனிச்சதில்ல."

நான் மண்டியிட்டு முழுப் பதிவையும் திறந்தேன். அவளுக்கு எழுதிவைத்த கட்டளை மறுக்கப்பட்டவர்களை மட்டும்தான் காட்டும். இது எல்லோரையும் காட்டும். வெள்ளிக்கிழமை, இரண்டு பத்து. ஒரே ஒரு வரி. ரவூஃப். கதவு திறக்கப்பட்டது. வந்த இடம்: இந்த வீடு.

மேலே நகர்த்தினேன். நேற்று, இரண்டு பத்து. ரவூஃப். திறக்கப்பட்டது. இந்த வீடு. முந்தாநாள். அதற்கு முந்தின நாள். போன மாதம். போன வருடம். முப்பத்தெட்டு பேர் வெளியே தட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு மதியமும், ஒருவன் சாவியோடு உள்ளிருந்தே வந்து, உள்ளேயே போயிருந்தான்.

அவள் பார்க்காதபடி திரைக்கு முன்னால் நகர்ந்துகொண்டேன்.

"என்ன?" என்றாள்.

சொல்லாமல் மூடிவிடலாம். ஒரே ஒரு வரிதான். ஆனால் வரிகளை வெட்டுவது பற்றி எனக்குப் புதிதாக ஒரு பயம் வந்திருந்தது. எல்லாவற்றையும் அவளுக்குக் காட்டினேன். "பயப்படாதே தங்கச்சி. இது அவனே போட்டது. அடுத்தவங்களுக்கு எழுதறதுக்கு முன்னாடி, அந்த வரியைத் தன் மெஷின்லயே போட்டுச் சரிபார்த்திருக்கான். எடுக்க மறந்துட்டான். மெஷின் தன் கதவைத் தானே தட்டித் தானே திறக்குது. அவ்வளவுதான். இதையும் எடுத்துடறேன்."

விரலை விசைமேல் வைத்தேன்.

"என்ன செய்யுது அது, உள்ளே வந்து?"

"அவன் எழுதின குறிப்பையெல்லாம் மெஷினுக்குள்ளயே ஒரு அறையிலேர்ந்து இன்னொரு அறைக்கு நகல் எடுத்து வெக்குது. தெனமும்."

அவள் குனிந்து கையை அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தாள். சூடு இருந்திருக்கும். "கோர்ட்ல கேட்டது தகவல் வந்துதான்னுதானே," என்றாள் மெதுவாக. "யார் இன்னும் வீட்டை விட்டுப் போகலைன்னு கேக்கல." என் விரலை அவளே எடுத்து விலக்கினாள்.

நான் வாதாடவில்லை. புதுத் தாள்களை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அதன்பிறகு ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை, ஒரு கல்யாண வீட்டுக்காரர் சல்வாவிடம் சொல்லச் சொன்ன செய்தியோடு அவள் தெருவில் நுழைந்தபோது நல்ல வெயில். தெருவில் ஒரு பூனைகூட இல்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. நான் முனையில்தான் இருந்தேன், அவள் வீட்டுக்கு இன்னும் ஐந்து வீடு இருந்தது.

"தெனமும் இதே நேரமா!" உள்ளேயிருந்து அவள் குரல், தூக்கக் கலக்கத்தோடு, வெடுக்கென்று. "மனுஷி கொஞ்சம் கண் அசரக்கூடாதா? மெதுவா நடந்தா என்ன? எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு!"

நின்றுவிட்டேன். கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. செய்தியைச் சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாமென்று திரும்பி நடந்தேன். குரல் தெரு முனை வரை நன்றாகவே கேட்டது.